100 மி.மீ. தகடு, 122 மி.மீ. குண்டு: கனரக டாங்கியின் கவசம் தாங்குவது எப்படி?

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டைகர் டாங்கிக்கு முன்பக்கக் கவசம் 100 மி.மீ. கனம்தான். சோவியத்தின் ஐ.எஸ்-2 டாங்கி சுட்ட குண்டோ 122 மி.மீ. விட்டம். தகட்டின் கனத்தைவிடக் குண்டே பெரிது. அப்படிப்பட்ட குண்டை ஒரு கவசம் எப்படித் தாங்கும்? இன்றைய டாங்கிகளிலும் இதே கதைதானா?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டைகர் தாங்கவில்லை. 122 மி.மீ. குண்டு அதன் முகப்பில் நேராகப் பட்டால், 1000 மீட்டர் தூரத்திலிருந்து வந்தாலும் உள்ளே போய்விடும். ஆனால் இதே குண்டு, அதே ஜெர்மனியின் பாந்தர் டாங்கியின் முன்தகட்டில் பட்டு, சற்றுத் தள்ளி நின்று சுட்டபோது பலமுறை வழுக்கிக்கொண்டு போனது. பாந்தரின் அந்தத் தகடு வெறும் 80 மி.மீ. கனம். 100 மி.மீ. தோற்ற இடத்தில் 80 மி.மீ. பிழைத்திருக்கிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் கவசத்தின் வேலை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் குண்டின் விட்டத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் பெரிதானால் துளைக்கும் ஆழமும் கூடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் ஆழத்தைத் தீர்மானிப்பது, குண்டு கொண்டுவரும் ஆற்றல் எவ்வளவு பரப்பின்மேல் இறங்குகிறது என்பது. ஐ.எஸ்-2 சுட்ட குண்டின் எடை 25 கிலோ. குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 80 லட்சம் ஜூல். 10 டன் லாரி ஒன்று மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ அவ்வளவு. அதைக் குண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோஜூல் வரும்.

இப்போது பாந்தரின் சொந்தப் பீரங்கியைப் பாருங்கள். 75 மி.மீ. விட்டம், 6.8 கிலோ குண்டு, நொடிக்கு 925 மீட்டர். மொத்த ஆற்றல் 29 லட்சம் ஜூல்தான், அதாவது 122 மி.மீ. குண்டுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் சதுர சென்டிமீட்டருக்குப் பார்த்தால் 66 கிலோஜூல். ரஷ்யக் குண்டுக்கு ஏறக்குறைய சமம்! செங்குத்தாக நிற்கும் நல்ல எஃகுத் தகட்டைத் துளைப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில்தான் இருந்தன. சோவியத்தின் டி-34 டாங்கியின் 76 மி.மீ. பீரங்கிக்கு இதே கணக்கைப் போட்டால் 30 கிலோஜூல்தான் தேறும். 1943-ல் டைகரின் முகப்பில் அந்தக் குண்டுகள் பட்டுப் பட்டு விழுந்ததற்குக் காரணம் அதுதான். 1943 பிப்ரவரியில் ரோஸ்டோவ் பகுதியில் சண்டையிட்ட ஒரு டைகரின் மேல் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கித் தோட்டாக்கள் 227, நடுத்தர விட்டக் குண்டுகள் 14, 76 மி.மீ. குண்டுகள் 11 பட்டிருந்ததாகவும், ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்றும், வண்டி அதன் பிறகும் 60 கி.மீ. தானாகவே ஓடியது என்றும் ஜெர்மன் அறிக்கை சொல்கிறது.

அப்படியென்றால் பெரிய விட்டத்தால் என்ன லாபம்? லாபம் வேறு இடங்களில் இருக்கிறது. கனமான குண்டு காற்றில் வேகத்தை மெதுவாகவே இழக்கும். சாய்ந்த தகட்டையும் நொறுங்கும் தன்மையுள்ள தகட்டையும் அது கையாளும் விதமே வேறு. அந்த இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

80 லட்சம் ஜூல் வந்து மோதியும் டாங்கி ஏன் தூக்கி எறியப்படவில்லை என்று பலர் கேட்பார்கள். வண்டியைத் தள்ளுவது ஆற்றல் அல்ல, உந்தம். 25 கிலோவை 800-ஆல் பெருக்கினால் 20,000. அதை 57 டன் எடையுள்ள டைகர் முழுதாக வாங்கிக்கொண்டாலும், தரையில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 35 செ.மீ. வேகத்தில்தான் நகரும். சங்கிலித் தடங்கள் தரையைக் கவ்விக்கொண்டிருக்கும் நிலையில் அது ஒரு குலுக்கல், அவ்வளவே. ஆற்றல் விஷயம் அப்படி இல்லை. அது எங்காவது செலவாகியே தீரவேண்டும். ஒன்று தகட்டை வளைத்து, கிழித்து, சூடாக்கிச் செலவாகும். அல்லது குண்டையே நசுக்கி உடைத்துச் செலவாகும். அல்லது குண்டு அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பறந்துவிடும். கவசம் வடிவமைப்பவர் விரும்புவது கடைசி இரண்டையும்தான்.

அந்த மோதல் நடக்கும் நேரத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 15 செ.மீ. தூரத்துக்குள் குண்டு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியை 2000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் இரண்டு எஃகுத் துண்டுகளுக்கும் நடுவே 5000 டன்னுக்கு மேற்பட்ட விசை வந்துபோகிறது. தகட்டின் எஃகு தாங்கும் எல்லையைத் தாண்டிய அழுத்தம் இது. குண்டின் எஃகுக்கும் அதே அழுத்தம்தான். முதலில் எது தோற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் கவசத்தின் முதல் வேலை குண்டை உடைப்பது. இதற்குக் கடினத்தன்மை வேண்டும். எஃகின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் கனமான கவசத் தகடுகள் பொதுவாக 250 முதல் 350 வரை இருக்கும். டி-34-இன் 45 மி.மீ. தகடுகள் 400-ஐத் தாண்டியவை. துளைக்கும் குண்டின் மூக்கு 600 அளவில் இருக்கும். சரி, தகட்டையும் 600-க்கு ஏற்றிவிட்டால் என்ன? கடினம் கூடக்கூட எஃகு கண்ணாடிக் குணம் கொள்ளும். அடி பட்டதும் குழிவதற்குப் பதில் விரிசல் விடும். இதற்கு 1890-களிலேயே போர்க்கப்பல் கவசக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள்: தகட்டின் வெளிமுகத்தை மட்டும் மிகக் கடினமாக்கி, பின்புறத்தை மிருதுவாக விடுவது. வெளிமுகம் குண்டின் மூக்கை நொறுக்கும், பின்புறம் அடியை வாங்கிக்கொள்ளும். குண்டு செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? மூக்கின்மேல் மிருதுவான எஃகுத் தொப்பி ஒன்றைப் போட்டார்கள். முதல் அதிர்ச்சியைத் தொப்பி ஏற்றுக்கொள்ள, மூக்கு முழுசாக உள்ளே போனது. கப்பலில் நடந்த இந்தப் போட்டி அப்படியே டாங்கிக்கு இறங்கி வந்தது. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் 2 பவுண்டர் பீரங்கியின் தொப்பியில்லாத குண்டுகள், முகம் கடினமாக்கப்பட்ட ஜெர்மன் தகடுகளில் பட்டுச் சிதறின.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சில குண்டுகள் கிட்டத்திலிருந்து சுட்டால் துளைக்காது, தள்ளி நின்று சுட்டால் துளைக்கும். வேகம் ஓர் அளவைத் தாண்டும்போது குண்டின் மூக்கு அதிர்ச்சி தாளாமல் நொறுங்குகிறது. நொறுங்கிய குண்டின் ஆற்றல் பரவிப்போகிறது, தகடு பிழைக்கிறது. அதே குண்டு கொஞ்சம் வேகம் குறைந்து வரும்போது முழுசாக இருந்து துளைக்கிறது. கிட்டப் போனால் போதும் என்று நம்பி நெருங்கிப்போன பீரங்கிக்காரர்களின் நிலையை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

இப்போது பாந்தரின் 80 மி.மீ. தகட்டுக்கு வருவோம். அது செங்குத்திலிருந்து 55 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தது. நேர்க்கோட்டில் வரும் குண்டு கடக்கவேண்டிய எஃகு அப்போது 80 அல்ல, சுமார் 140 மி.மீ. இந்தக் கணக்கை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சாய்வின் உண்மையான பலன் இது இல்லை என்பது என் எண்ணம். ஒரே உயரத்தை மறைக்க, சாய்ந்த 80 மி.மீ. தகடும் செங்குத்தான 140 மி.மீ. தகடும் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். அந்த மட்டில் லாபம் ஒன்றுமில்லை. உள்ளே இடம் குறைவதுதான் மிச்சம். டி-34-க்குள் ஆட்கள் ஒடுங்கி உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாய்வு தரும் பெரிய ஆதாயம், அது குண்டைத் திருப்பிவிடுவது. சாய்ந்த தகட்டில் குண்டின் மூக்கு ஒரு பக்கமாகத்தான் தொடுகிறது. அந்த ஒருபக்க விசை குண்டை வெளிப்பக்கமாகப் புரட்டுகிறது. குண்டின் முதுகு வளைகிறது, சில நேரம் நடுவில் முறிகிறது. மூக்கு கூரானதாக இருந்தால் இன்னும் எளிதாக வழுக்கும். முதலில் வந்த 122 மி.மீ. குண்டுகள் கூர்மூக்கு உள்ளவை. பாந்தரின் முன்தகட்டில் அவை தடுமாறியது இதனால்தான்.

இதற்கு ரஷ்யர்கள் கண்ட மாற்று எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மூக்கை மழுக்கிவிட்டார்கள். காற்றைக் கிழிக்க மெல்லிய தகரக் கூம்பு வெளியே, அதற்குள்ளே தட்டையான தலை. சாய்ந்த தகட்டைத் தொட்டதும் தகரம் நசுங்கிவிடும். தட்டைத் தலையின் விளிம்பு தகட்டில் கடித்துப் பிடித்துக்கொள்ளும். வழுக்காது. துளையிடுவதற்குப் பதில், தன் விட்டத்துக்கு ஒரு வில்லையைத் தகட்டிலிருந்து வெட்டி உள்ளே தள்ளும். கூர்மைதான் துளைக்கும் என்ற நம்முடைய இயல்பான எண்ணத்துக்கு நேர் எதிர்.

கேட்டவர் சரியாகத் தொட்ட இடமும் இங்கேதான் வருகிறது. தகட்டின் கனத்துக்கும் குண்டின் விட்டத்துக்கும் உள்ள விகிதம் மிக முக்கியம். தகடு குண்டைவிடக் கனமாக இருந்தால் சாய்வு முழுப் பலன் தரும். குண்டு தகட்டைவிடப் பெரிதாகும்போது, சாய்வின் பலன் வேகமாகக் கரையும். திருப்பிவிடும் அளவுக்கு எஃகு அங்கே இல்லாமல் போகிறது, தகடு முழுவதும் வளைந்து கிழிகிறது. டி-34-இன் 60 டிகிரி சாய்ந்த 45 மி.மீ. முகப்பு, 37 மி.மீ. பீரங்கிக்கு எதிராக அற்புதம்; 88 மி.மீ. வந்ததும் அது தடையாக நிற்கவில்லை.

விகிதம் தகட்டுக்குச் சாதகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1941 ஜூனில் லித்துவேனியாவில் ரசெய்னியாய் ஊருக்கு அருகே நடந்ததைச் சொல்லவேண்டும். சோவியத்தின் ஒரே ஒரு கே.வி. கனரக டாங்கி ஜெர்மனியின் 6-வது பான்சர் (டாங்கி) டிவிஷனின் சாலையை மறித்துக்கொண்டு நின்றது. அதன் கவசம் 75 மி.மீ., அதிலும் பெரும்பாலும் சாய்வில்லாதது. ஜெர்மானியரின் புதிய 50 மி.மீ. பீரங்கிகள் குறிவைத்துச் சுட்டன. குண்டுகள் சரியாகப் பட்டன, நீலக் கறைகள்தான் விழுந்தன. பதிலுக்குக் கே.வி. அந்தப் பீரங்கிகளை அழித்தது. பின்னால் 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியைப் பக்கத்தில் கொண்டுவந்து சுட்டும், பட்ட குண்டுகளில் சில மட்டுமே உள்ளே போயிருந்தன. கடைசியில் துளைகள் வழியாகக் கையெறி குண்டுகளைப் போட்டுத்தான் அந்தச் சண்டை முடிந்தது. உள்ளே இருந்த அந்த வீரர்களை ஜெர்மானியரே மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

சாய்வில்லாத டைகருக்கும் ஒரு வழி இருந்தது. வண்டியையே கோணலாக நிறுத்துவது. எதிரியை நேருக்கு நேர் பார்க்காமல் 30 டிகிரி திருப்பி நிறுத்தினால், 100 மி.மீ. முகப்பு 115 மி.மீ. போல வேலை செய்யும், 80 மி.மீ. பக்கத்தகடு 160 மி.மீ. போல. 45 டிகிரி திருப்பினால் முகப்பு 141, பக்கம் 113. டைகர் படையினருக்கு இது பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. கடிகார முள்ளில் பத்தரை, ஒன்றரை போன்ற திசைகளைச் சாப்பாட்டு நேரங்களாக மனப்பாடம் செய்யவைத்தார்கள். எதிரி அந்தத் திசைகளில் இருக்கும்படி வண்டியை நிறுத்தத் தெரிந்தவர்கள் அதிக நாள் பிழைத்தார்கள்.

கனம், சாய்வு எல்லாம் சரியாக இருந்தும் எஃகு கைவிட்டுவிட்டால் எல்லாம் போச்சு. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அட்டவணைகளில் மி.மீ. கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் இடம் இது. கனமான தகட்டுக்குத் தோய்ச்சல் ஏற்றுவது கடினம். சிவக்கக் காய்ச்சி நீரில் இறக்கினால் மேற்பரப்பு உடனே குளிரும், நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். நடுவிலும் நல்ல உறுதி வர நிக்கல், குரோமியம், மாலிப்டினம் போன்றவற்றைச் சேர்க்கவேண்டும். பதப்படுத்தும்போது எஃகு நொறுங்கும் குணம் கொள்ளாமல் காப்பதில் மாலிப்டினத்துக்குத் தனிப் பங்கு உண்டு. ஜெர்மனி அதற்கு நம்பியிருந்த இடங்களில் ஒன்று நார்வேயின் க்னாபென் சுரங்கம். 1943 மார்ச்சில் பிரிட்டிஷ் மொஸ்கிட்டோ விமானங்களும், நவம்பரில் அமெரிக்க விமானங்களும் அதைக் குண்டுவீசித் தாக்கின. போரின் கடைசி ஆண்டில் வந்த ஜெர்மன் தகடுகளில் இந்தப் பற்றாக்குறை வெளிப்படையாகவே தெரிந்தது.

டைகருக்குப் பின் வந்த ஜெர்மன் கனரக டாங்கியான கிங் டைகரின் முன்தகடு 150 மி.மீ. கனம், 50 டிகிரி சாய்வு. நேர்க்கோட்டில் 233 மி.மீ. எஃகு. காகிதத்தில் அசைக்கமுடியாத கோட்டை. 1944 ஆகஸ்டில் போலந்தில் சாண்டோமியர்ஸ் பகுதியில் பிடிபட்ட வண்டியை ரஷ்யர்கள் கூபின்கா சோதனைத் திடலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். பெரிய குண்டுகள் துளைக்காத இடத்திலும் தகடு விரிசல் விட்டது, வெல்டிங் பிரிந்தது, உள்முகத்திலிருந்து எஃகுச் செதில்கள் பெயர்ந்து பறந்தன. பெரிய விட்டத்தின் இன்னொரு லாபம் என்று முன்னால் சொன்னது இதுதான். 75 மி.மீ. குண்டு ஒரு புள்ளியில் குத்துகிறது. 25 கிலோ குண்டு தகடு முழுவதையும் உலுக்குகிறது. நல்ல எஃகு அந்த உலுக்கலைத் தாங்கும், நொறுங்கும் எஃகு தாங்காது.

அந்தச் செதில்களைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டு வெளியே நின்றுவிட்டாலும், மோதலின் அதிர்ச்சி அலை தகட்டுக்குள் ஓடி, பின்முகத்தில் பட்டுத் திரும்பும்போது எஃகை இழுக்கிறது. இழுவிசையில் உள்முகம் அடுக்கடுக்காகப் பெயரும். உள்ளே இருக்கும் 5 பேருக்கு அது குண்டுக்குச் சமம். "கவசம் தாங்கியது" என்று அறிக்கையில் எழுதப்பட்ட எத்தனையோ வண்டிகளில் ஆட்கள் இப்படித்தான் காயம்பட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. தகடு தாங்கினாலும் வண்டி தோற்கலாம். இங்கிலாந்தின் பவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கும் டைகர் 131, 1943 ஏப்ரலில் ட்யுனீசியாவில் பிடிபட்டது. பட்ட குண்டுகளில் ஒன்று அதன் டரட்டை, அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூட்டை, திரும்ப முடியாமல் இறுக்கிவிட்டது, ஆட்கள் இறங்கிப்போனார்கள். முகப்புக் கவசத்தை யாரும் உடைக்கவில்லை. பாந்தரில் பீரங்கிக்கு முன்னிருக்கும் வளைந்த கவசத்தின் கீழ்ப்பாதியில் பட்ட குண்டு கீழ்நோக்கித் தெறித்து, ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த 16 மி.மீ. கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. பின்னால் வந்த வண்டிகளில் அந்த இடத்துக்குத் தடித்த தாடை போல ஒரு விளிம்பு வைத்துச் சரிசெய்தார்கள்.

இன்றைக்கு என்ன நிலை என்பதும் கேள்வியில் இருக்கிறது. பீரங்கியின் விட்டம் 120, 125 மி.மீ. என்று நின்றுவிட்டது. ஆனால் அதிலிருந்து வருவது முழு விட்டக் குண்டு இல்லை. வெளியே வந்ததும் உறை கழன்று, டங்ஸ்டன் அல்லது யுரேனியத்தால் ஆன மெல்லிய நீண்ட கம்பி ஒன்று, வால்சிறகுகளோடு நொடிக்கு 1600 மீட்டருக்கு மேல் பறக்கிறது. சதுர சென்டிமீட்டர் கணக்கைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போன வடிவம் அது. அந்த வேகத்தில் கம்பியும் தகடும் திரவம் போல ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும். வெறும் எஃகால் தடுக்கவேண்டுமென்றால் வண்டி நகரவே முடியாத எடையாகிவிடும்.

அதனால் கவசம் அடுக்குகளுக்கு மாறியது. சோவியத்தின் டி-64-இலும் தொடக்க கால டி-72-இலும் முன்தகடு 80 மி.மீ. எஃகு, 105 மி.மீ. கண்ணாடியிழை, 20 மி.மீ. எஃகு என மூன்றடுக்கு, 68 டிகிரி சாய்வு. நேர்க்கோட்டில் 547 மி.மீ. கடக்கவேண்டும். பிரிட்டன் 1960-களில் உருவாக்கி 1976-ல் வெளியே சொன்ன சோபம் கவசத்தில் பீங்கான் வகைப் பொருட்கள் சேர்ந்தன. பீங்கான் எஃகைவிடப் பல மடங்கு கடினம். நொறுங்கினாலும் அந்தத் துகள்கள் கம்பியின் முனையை அரித்துக்கொண்டே இருக்கும். ஆவடியில் உருவான இந்திய டாங்கி அர்ஜுனுக்குப் போட்ட காஞ்சன் கவசமும் பல அடுக்கு வகைதான். அதை உருவாக்கிய ஆய்வகம் இருக்கும் ஹைதராபாத் காஞ்சன்பாக்கிலிருந்து வந்த பெயர். 1980-களின் நடுவில் வந்த கான்டாக்ட்-5 போன்ற வெடிகவசம் இன்னொரு வழி. கம்பி தொட்டதும் உள்ளிருக்கும் வெடிமருந்து வெடித்து, கனமான எஃகுத் தகட்டைக் கம்பியின் குறுக்கே எறிந்து அதை முறிக்கப் பார்க்கிறது.

பொருட்கள் மாறின, வேலை மாறவில்லை: குண்டை உடை, திருப்பு, அரி. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் பெரும்பாலும் முன்பக்கத்துக்கும் டரட் முகத்துக்கும்தான். டி-72-இன் உடல் பக்கத்தகடு இன்றும் சுமார் 80 மி.மீ. வெறும் எஃகுதான். டைகரின் பக்கத்தில் இருந்த அதே கனம்.